ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

கையில் சுற்றிய பிரஷர் மெஷின் பட்டை ஊதிக்கொண்டே போனது. போதும் என்று நினைத்த பிறகும் இன்னொரு முறை ஊதியது. அவர் நாற்காலியில் நெளிந்தார். கால்மேல் கால் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார்.

"காலைக் கீழ வைங்க. அசையாதீங்க," என்றாள் நர்ஸ்.

"நான் எங்கம்மா அசையறேன்? உங்க மெஷின்தான் என் கையைப் பிடிச்சு ஆட்டுது."

"பேசவும் கூடாது."

பட்டை தளர்ந்தது. பெட்டியில் எண்கள் ஓடி ஓடி ஓரிடத்தில் நின்றன. மேலே நூற்று அறுபத்தெட்டு, கீழே நூற்று இரண்டு. நர்ஸ் எண்களை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கட்டட வேலை நடக்கும் இடத்தின் ஓரத்தில் இரும்புப் பெட்டி ஒன்றை வைத்து, ஜன்னல் வெட்டி, மருத்துவ அறை என்று பெயர் எழுதியிருந்தார்கள். அந்த ஜன்னல் வழியாகப் பார்த்தால் அவருடைய கிரேன் தெரியும். வளரும் கட்டடத்துக்குப் பக்கத்தில், கட்டடத்தைவிட உயரமாக, நீட்டிய ஒற்றைக் கையோடு நிற்கும் டவர் கிரேன். அதன் உச்சியில் இருக்கும் கண்ணாடி கேபினில்தான் அவர் பிழைப்பு. காலையில் ஏறினால் மாலைதான் இறங்குவார். அதனால் அவருக்கு 'மேகம்' என்று பெயர். சொந்தப் பெயர் சம்பளம் போடுகிறவருக்கு மட்டும் தெரியும்.

கம்பெனி விதி எல்லோருக்கும் மனப்பாடம். மேல் எண் நூற்று அறுபதைத் தாண்டினால் அன்றைக்கே ஏணிப் பக்கம் போகக்கூடாது. நூற்று நாற்பதுக்கும் அறுபதுக்கும் நடுவில் இருந்தால் டாக்டரைப் பார்த்து வைத்தியம் எடுத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஆனால் அடுத்த பரிசோதனையில் இறங்கியிருக்க வேண்டும். இறங்காவிட்டால் கேபின் இன்னொருவருக்கு.

"கடைசியா எப்போ பாத்ரூம் போனீங்க?" என்று திடீரென்று கேட்டாள் நர்ஸ்.

"எதுக்கு?"

"சொல்லுங்க."

"காலையில. வீட்ல."

இப்போது வேலை முடிந்து எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் தலையில் கை வைத்துக்கொண்டாள். "இவ்வளவு நேரம் அடக்கி வெச்சுக்கிட்டு, ஏணியில வேற இறங்கி வந்து உட்கார்ந்தா மெஷின் என்னதான் சொல்லும்? முதல்ல போய்ட்டு வாங்க. வந்து கொஞ்ச நேரம் சும்மா உட்காருங்க. அப்புறம் பார்க்கலாம்."

போய்விட்டு வந்தார். சும்மா உட்காருவதுதான் பெரும்பாடாக இருந்தது. மறுபடி பட்டை ஊதியது. நூற்று ஐம்பத்து நாலு, தொண்ணூற்று ஆறு.

"குறைஞ்சிருக்கு," என்றாள். "ஆனா நல்லா இல்ல."

மேகத்தின் காதில் முதல் பாதி மட்டும்தான் விழுந்தது.

*

கிரேன்காரர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. ஏறியவன் நடுவில் இறங்கக்கூடாது. ஒருவன் இறங்கி ஏறினால் அத்தனை நேரமும் கொக்கி சும்மா தொங்கும், கீழே கான்கிரீட் இறுகும், மேல்தளத்துக் கொத்தனார்கள் கூச்சல் போடுவார்கள். அதனால் வேலை நாளில் தண்ணீரைத் தொட மாட்டார்கள். தொட்டாலும் உதட்டை நனைத்துக்கொள்வார்கள். காலி பாட்டில் வைத்துச் சமாளித்த காலமும் இருந்தது. ஒருநாள் யாருடைய பாட்டிலோ கேபினிலிருந்து உருண்டு கீழே ஒரு என்ஜினியரின் தலைக்கவசத்தில் விழுந்தது. அன்றோடு சேஃப்டி ஆபீசர் அதற்குத் தடை போட்டார்.

இரண்டாம் நம்பர் கிரேன்காரர் இந்த வீம்பில் பட்டம் வாங்கியவர். அவருக்குப் பெயரே 'ஒட்டகம்'.

மறுநாள் மேகம் போன ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அவருக்கு இரண்டு கையிலும் அளந்து பார்த்தார். இடதில் கூடுதல், வலதில் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

"தலைவலி, மயக்கம், நெஞ்சு படபடப்பு?"

"ஒண்ணும் இல்லீங்க. கல்லு மாதிரி இருக்கேன்."

"அதுதான் இதுல இருக்கிற தொல்லை. வலிச்சிருந்தா நீங்களே எப்பவோ ஓடி வந்திருப்பீங்க." பேனாவை மூடினார். "ஒரு நாள் அளவை வெச்சு முடிவு பண்ண மாட்டேன். வீட்ல ஒரு மெஷின் வாங்கி ஒரு வாரம் காலையிலும் சாயந்திரமும் பாருங்க. ரத்தம், யூரின், இசிஜி மூணும் எடுத்துடுங்க. என்ன வேலை பார்க்கறீங்க?"

"டிரைவர்."

"என்ன வண்டி?"

"பெரிய வண்டிங்க."

பொய் இல்லை. இருந்தாலும் சொன்னபோது கண் தானாகச் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்துக்குப் போனது.

வீட்டில் மனைவி மெஷினைக் கையில் எடுத்துக்கொண்டாள். அவள் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் தனி பிரேக்கை நம்பியே நாள் முழுக்க வாழ்கிறவள். அதிகாரம் அவளுக்குத் தானாக வரும்.

"முதுகைச் சாய்ங்க. கையை மேஜை மேல வைங்க. மூச்சு விடுங்க."

"நீ பக்கத்துல நின்னாலே எனக்கு ஏறுது."

"கல்யாணத்துக்கு முன்னாடியே செக் பண்ணியிருக்கணும். வாயை மூடுங்க."

நூற்று ஐம்பத்திரண்டு.

"மெஷின் சரியில்ல," என்றார்.

அவள் தன் கையில் சுற்றிப் பார்த்தாள். ஒழுங்காக இருந்தது. சாப்பிட வந்திருந்த தம்பியைப் பிடித்து உட்கார வைத்தாள். அவனுக்கும் ஒழுங்கு. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. ஆள்தான் சரியில்ல."

தம்பி சிரித்தான். அவன் அவருக்கு மச்சான் மட்டுமில்லை. தரையில் நின்று வாக்கிடாக்கியில் வழி சொல்லும் சிக்னல்காரன். அவர் லீவு போட்டால் கேபினில் உட்காரும் மாற்று ஆளும் அவன்தான். கிரேன் ஓட்டக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். அந்தச் சிரிப்பு இப்போது முள்ளாகக் குத்தியது.

"என்னடா, சீட்டு காலியாகுமான்னு பார்க்கறியா?"

"ஐயோ மாமா, எனக்கு மேல போனா பயம்னு உங்களுக்குத் தெரியாதா? நீங்க நல்லா இருந்தாதான் நான் தரையில நிம்மதியா நிக்க முடியும்."

நல்லதைத்தான் சொன்னான். அதையும் அவரால் நம்ப முடியவில்லை.

வாரம் முழுக்க மெஷின் அதே பாட்டைத்தான் பாடியது. டாக்டரம்மா ஒரு மாத்திரை எழுதினார். நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை. "ரத்தக்குழாயைத் தளர்த்தும், உடம்புல தேங்கற உப்பையும் தண்ணியையும் வெளியே தள்ளும். காலையில ஒண்ணு, தினமும். கொஞ்சம் அடிக்கடி யூரின் போகும். அதுக்காகத் தண்ணியைக் குறைக்காதீங்க. உப்பைக் குறைங்க. ஒத்து வரலைன்னா என்கிட்ட வாங்க, வேற மாத்திரை நிறைய இருக்கு. நீங்களா நிறுத்தறது, நீங்களா கூட்டறது ரெண்டும் கூடாது."

"சரிங்க," என்றார் மேகம், மணி பார்த்துக்கொண்டே.

*

முதல் நாள் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே ஏறி, இரண்டாவது சுமையைத் தூக்கும்போதே அடிவயிறு கதவைத் தட்டியது. பல்லைக் கடித்தார். தொடையைத் தொடையால் இறுக்கினார். கொக்கியில் கான்கிரீட் வாளி ஆடியது.

"மாமா, கொஞ்சம் இடது. இன்னும் இடது. மாமா? ஏன் நின்னுட்டீங்க?"

"சும்மா இருடா."

"காத்து அடிக்குதா?"

"வாயை மூடுடா!"

வாளியை எப்படியோ காலி செய்துவிட்டு இறங்கினார். ஏணியின் ஒவ்வொரு படியும் ஒரு தண்டனை. தரைக்கு வந்ததும் கொத்தனார்கள் மேலிருந்து கை தட்டினார்கள். "மேகம் இறங்கிடுச்சுடோய்! குடையை எடுங்கப்பா!" வாக்கிடாக்கியில் எல்லோருக்கும் ஒரே சேனல். அதில் ஒட்டகத்தின் குரல் சாவகாசமாக வந்தது: "என்னண்ணே, ஊற்று பொங்குதா?"

அன்று மூன்று முறை இறங்கினார். மூன்று முறையும் கைதட்டல்.

மறுநாள் மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். நர்ஸ் என்ன சொன்னாள்? அடக்கி வைத்ததால்தானே ஏறியது? போய்விட்டு வந்ததும் குறைந்ததே! ஆக, நோய் பாதி, மூத்திரம் பாதி. வேலை நாளில் மாத்திரை வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கும்போது போட்டுக்கொள்ளலாம், பாத்ரூம் நாலு எட்டில் இருக்கிறது. அவருக்கு அது பெரிய புத்திசாலித்தனமாகப் பட்டது.

மனைவி அதிகாலையிலேயே மாணவர்களை ஏற்றிக்கொள்ளக் கிளம்பிவிடுவாள். போகும்போது கதவுக்கு வெளியிலிருந்து கேட்பாள்: "மாத்திரை?"

"சாப்பிட்டுட்டுப் போட்டுக்கறேன்."

அவளுக்கு நேரம் கிடைப்பதும் ஞாயிற்றுக்கிழமைதான். அன்று அளந்தால் எண் கொஞ்சம் கீழே இருக்கும். "பரவாயில்லையே!" என்பாள். அவர் மீசையைத் தடவிக்கொள்வார்.

ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. கேபினில் உட்கார்ந்தால் காதுக்குள் தன் நாடியே டம் டம்மென்று கேட்பதுபோல் இருந்தது. கட்டைவிரலை மணிக்கட்டில் வைத்துப் பார்ப்பார், எடுப்பார். ஜன்னலைத் திறப்பார், மூடுவார். யார் வாக்கிடாக்கியில் இருமினாலும் தன்னைக் கேலி செய்வதாகத் தோன்றும். கட்டடம் முடியப் போகிறது. இதைவிட உயரமான கிரேன் அடுத்த இடத்தில் வந்து இறங்கிவிட்டது. பரிசோதனையில் தேறினால் அதன் கேபின் அவருக்கு. தேறாவிட்டால் தரை. தரையில் நின்று, அண்ணாந்து பார்த்து, இன்னொருவனுக்கு இடது வலது சொல்லும் வேலை.

பரிசோதனை திங்கட்கிழமை காலை என்றார்கள். அதிர்ஷ்டமா துரதிர்ஷ்டமா தெரியவில்லை, வெள்ளிக்கிழமை காற்று பலமாக வீசியது. கிரேன்களை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமையும் காற்று. பிறகு ஞாயிறு. மூன்று நாள் வீட்டில்!

விட்டதையெல்லாம் பிடித்துவிடலாம் என்று இறங்கினார். காலை ஒன்று, மதியம் ஒன்று, மாலை ஒன்று. உப்பே இல்லாமல் சாப்பிட்டார். தண்ணீரையும் குறைத்தார், தண்ணீர் குறைந்தால் அழுத்தமும் குறையும் என்பது அவரே கண்டுபிடித்த விஞ்ஞானம்.

"என்ன, பாத்ரூமுக்கே குடி போய்ட்டீங்களா?" என்று கேட்டாள் மனைவி. "முகமெல்லாம் வாடிக் கிடக்கு. மாத்திரை அட்டையும் வேகமா தீருதே?"

"ரெண்டு மாத்திரை கீழ விழுந்துடுச்சு."

அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். சிவப்பு விளக்கைத் தாண்டப் போகிற மாணவனைப் பார்க்கும் பார்வை. "என் சீட்டுக்குக் கீழ ஒரு பிரேக் இருக்கு. யார் தப்பு பண்ணாலும் நான் அழுத்திடுவேன். உங்க பக்கத்துல உட்கார ஆளு இல்ல. நீங்களேதான் அழுத்தணும்."

"சரி சரி," என்றார்.

*

திங்கட்கிழமை. பட்டை ஊதியது, தளர்ந்தது. நூற்றுப் பதினாறு, எழுபத்திரண்டு.

"அடேங்கப்பா!" என்றாள் நர்ஸ். "மாத்திரை நல்லா வேலை செய்யுதே. எழுந்து நில்லுங்க. நின்ன மாதிரி ஒரு தடவை பார்த்துடலாம்."

"கீழ லோடு காத்துக்கிட்டு இருக்கும்மா. மூணு நாள் வேலை குவிஞ்சு கிடக்கு." அவர் சட்டைக் கையை இறக்கிக்கொண்டே வாசலில் நின்றார்.

"ஒரு நிமிஷம்தான் சார்."

"அப்புறம் வரேன்."

ஏணியின் முதல் படிகளை விசில் அடித்துக்கொண்டே ஏறினார். கொஞ்ச தூரத்தில் விசில் நின்றது. இன்னும் கொஞ்ச தூரத்தில் மூச்சு வாங்கியது. நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. பாதி உயரம் வந்திருப்பார். கண்ணின் இரண்டு ஓரத்திலிருந்தும் கறுப்பு மை கசிந்து நடுவை நோக்கி வந்தது. கையில் பிடித்திருந்த கம்பி எங்கோ தூரத்தில் இருப்பதுபோல் தோன்றியது.

பழக்கப்பட்ட கை தானாக வேலை செய்தது. பெல்ட்டின் கொக்கியைக் கம்பியில் மாட்டினார். பக்கத்தில் இருந்த இடைத்தட்டில் பொத்தென்று உட்கார்ந்தார். தலையை முழங்காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டார்.

மார்பில் தொங்கிய வாக்கிடாக்கி கரகரத்தது. "மாமா, ஏறிட்டீங்களா? கண்ணாடி லோடு ரெடி. கொக்கி மாட்டியாச்சு."

கறுப்பு விலகியது. மெல்ல எழுந்து பார்த்தார். மறுபடி கசிந்தது. உட்கார்ந்தார்.

இன்னும் பாதிதான். உட்கார்ந்து உட்கார்ந்து ஏறிவிடலாம். கேபினுக்குள் போய்விட்டால் உட்கார்ந்த வேலைதானே? யாருக்குத் தெரியப் போகிறது? பரிசோதனையில் தேறியாயிற்று. வாயைத் திறந்தால்தான் கெடும். அதுவும் இந்தச் சேனலில், சேஃப்டி ஆபீசர் முதல் கொத்தனார் வரை எல்லோரும் கேட்கிற சேனலில்.

தட்டின் இடுக்கு வழியாகக் கீழே பார்த்தார். கண்ணாடிப் பலகைகள் அடுக்கிய பெரிய சட்டம். அதன் பக்கத்தில் ஒரு மஞ்சள் பொட்டு. மச்சானின் தலைக்கவசம். சுமை எழும்போது அவன் அங்கேதான் நிற்பான், அண்ணாந்து பார்த்துக்கொண்டு. மேலே இருக்கும் கை தடுமாறினால் அந்தப் பொட்டு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். அவனை அங்கே நிற்கச் சொல்லிக் கொடுத்ததே அவர்தான்.

"மாமா? கேக்குதா?"

கட்டைவிரல் பொத்தான் மேல் போனது, விலகியது, மறுபடி போனது. அழுத்தினார்.

"மச்சான், லோடைக் கழட்டு."

"என்ன?"

"கொக்கியைக் கழட்டுடா. நான் மேல போகல. பாதியில உட்கார்ந்திருக்கேன். தலை சுத்துது."

சேஃப்டி ஆபீசரின் குரல் குறுக்கிட்டது: "மேகம், பெல்ட் மாட்டியிருக்கா?"

"மாட்டியிருக்கு சார்."

"அப்படியே இருங்க, ஆள் வருது. இப்பத்தானே நர்ஸ் நல்லா இருக்குன்னு சொன்னாங்க? என்ன ஆச்சு?"

இனி மறைத்து என்ன? "பிரஷர் மாத்திரை சார். வேலை நாள்ல போட்டா மேல ஒண்ணுக்கு முட்டுது. அதனால ஞாயித்துக்கிழமை மட்டும் போட்டேன். இப்போ டெஸ்டுக்காக மூணு நாளா மொத்தமா முழுங்கிட்டேன்."

யாரோ கொல்லென்று சிரித்தார்கள். சேஃப்டி ஆபீசர் சிரிக்கவில்லை. அப்போது இன்னொரு குரல், வழக்கமான சாவகாசம் இல்லாமல், இருமிக்கொண்டே வந்தது.

"அண்ணே... வெள்ளை மாத்திரையா? நடுவுல கோடு போட்டது?"

"ஆமா."

"நானும் அதான்."

"ஒட்டகம், நீயா?"

"போன வருஷத்துலேர்ந்து. ஞாயிறு மட்டும்தான்ணே. டெஸ்டுக்கு முந்தின வாரம் லீவு போட்டுட்டு மொத்தமா முடிச்சுடுவேன். எனக்கு அடுத்த மாசம்தான் டெஸ்ட்."

"ரெண்டாம் நம்பர்," என்றார் சேஃப்டி ஆபீசர். "கொக்கியில என்ன இருக்கு?"

"கம்பிக் கட்டு சார்."

"மெதுவா கீழ வைங்க. வெச்சுட்டு இறங்குங்க. ரெண்டு கிரேனும் இன்னைக்கு நிக்கட்டும்."

மச்சான் தண்ணீர் பாட்டிலோடு ஏறி வந்தான். மேலே போனால் பயம் என்று சொன்னது நிஜம்தான்; முகம் வெளுத்து, கீழே பார்க்காமல், கம்பியைக் கட்டிக்கொண்டு வந்தான்.

"குடிங்க மாமா. மெதுவா."

குடித்தார். "உங்க அக்காகிட்ட நான் சொல்லிக்கறேன்."

"சொல்லியாச்சு. ஏறும்போதே போன் பண்ணிட்டேன்."

"துரோகி."

"கிளம்பிட்டாங்க. மாணவன் ஒருத்தனை நடுரோட்டுல இறக்கி விட்டுட்டு வராங்களாம்."

*

மருத்துவ அறையில் நர்ஸ் அவரை நிற்க வைத்து அளந்தாள். தொண்ணூற்று நாலு, அறுபது. பக்கத்து நாற்காலியில் ஒட்டகம், பாத்ரூம் போய்விட்டு வந்து சாதுவாக உட்கார்ந்தார். நூற்று எழுபத்தாறு. அவர் எண்ணைப் பார்த்துவிட்டு மேகத்தைப் பார்த்தார்.

டாக்டரம்மா அன்று சாயந்திரம் கேட்ட முதல் கேள்வி: "பெரிய வண்டின்னீங்களே, எவ்வளவு பெருசுன்னு சொல்லக்கூடாதா?" மனைவி பக்கத்தில் உட்கார்ந்து அவருக்காக எல்லாவற்றையும் சொன்னாள், கூடவே அவர் சொல்லாமல் விட்டதையும் சொன்னாள். ரத்தத்தில் உப்புச்சத்து எப்படி இருக்கிறது என்று சோதித்துவிட்டு, சில நாள் கழித்து டாக்டரம்மா வேறு மாத்திரை கொடுத்தார். பாத்ரூமுக்கு விரட்டாதது. "வேலையைச் சொல்லியிருந்தா இதை முதல் நாளே கொடுத்திருப்பேன்," என்றார், கோபத்தோடு.

சேஃப்டி ஆபீசர் கேபினைப் பிடுங்கவில்லை, கொடுக்கவும் இல்லை. வீட்டு அளவும் இங்கே எடுக்கும் அளவும் தொடர்ந்து ஒழுங்காக இருக்கட்டும், எழுந்து நின்று அளந்தாலும் ஒழுங்காக இருக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்றார். அதுவரை தரை. இன்னொன்றும் செய்தார். காலையிலும் மதியத்துக்குப் பிறகும் சங்கு ஊதும். ஊதினால் கொக்கி காலியாக நிற்க வேண்டும், கிரேன்காரர்கள் இறங்க வேண்டும். கான்கிரீட் வண்டியை அந்த நேரத்துக்குத் தக்க வரச் சொன்னார். முதல் நாள் கொத்தனார்கள் கை தட்டினார்கள். பிறகு அவர்களும் அந்த நேரத்தில் தண்ணீர் குடிக்க உட்கார்ந்துவிட்டார்கள்.

மேகம் இப்போது தரையில் நிற்கிறார், மஞ்சள் தலைக்கவசத்தோடு. காலையில் அளந்தபோது நூற்று முப்பத்து நாலு. பரவாயில்லை, இன்னும் இறங்கலாம். மனம்தான் இறங்கவில்லை. ஒரு காலில் நிற்கிறார், மறு காலுக்கு மாறுகிறார். வாக்கிடாக்கியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றுகிறார். கழுத்து வலிக்கிறது. மேலே கண்ணாடி கேபினில் மச்சான், பயத்தில் விறைத்துப்போய், சுமையை அங்குலம் அங்குலமாக நகர்த்துகிறான். அவராக இருந்தால் இந்நேரம் இரண்டு சுமை முடிந்திருக்கும். சொல்ல வாய் வருகிறது, அடக்கிக்கொள்கிறார். இதை அடக்கலாம்.

சங்கு ஊதியது.

"மச்சான், இறங்கு."

"எனக்கு வரல மாமா. இன்னும் ஒரு லோடு முடிச்சுடறேனே?"

மேகம் பொத்தானை அழுத்தினார். "வரலைன்னாலும் இறங்கு. இறங்குனா வரும்."